முறுக்கினேனா இல்லையா

முதலில் முறுக்க வேண்டும், பிறகு கோடு போட வேண்டும். கார் சீட்டு செய்யும் கம்பெனியில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இதுதான். சீட்டின் முதுகையும் அடிப்பகுதியையும் சேர்க்கிற போல்ட்டை டார்க் ரெஞ்சால் முறுக்கினால், போதுமான இறுக்கம் வந்ததும் 'டக்' என்று சத்தம் கேட்கும், கையிலும் தெரியும். அப்புறம் மஞ்சள் பெயிண்ட் பேனாவால் போல்ட் தலையில் ஒரு கோடு. கோடு இருந்தால் முறுக்கியாச்சு என்று அர்த்தம். அதற்குப் பிறகு வருகிறவர்கள் அந்தப் போல்ட்டைத் தொட மாட்டார்கள். இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது? இரண்டு வருஷம் கண்ணை மூடிக்கொண்டு செய்தேன். மூன்றாவது வருஷம் அந்த வேலை எனக்கு வராமல் போயிற்று.

எனக்கு ஊர் சங்கரன்கோவில் பக்கம். கம்பெனிக்காக ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பென்னலூரில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் ரூமுக்கு ஆறு பேராக இருந்தோம். ஆறு பேரும் கான்ட்ராக்ட். எங்களில் யாரையாவது வேலையை விட்டு நிறுத்தினால் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லும் பழக்கமெல்லாம் கிடையாது. காலையில் கேட்டில் கார்டை வைத்தால் பச்சை விளக்கு எரியாது, அவ்வளவுதான். ஒருநாள் என் கார்டுக்கு எரியவில்லை. பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருத்தியாக என்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். ஏன் நிற்கிறாய் என்று ஒருத்தியும் கேட்கவில்லை, கேட்டால் தனக்கும் ஒட்டிக்கொள்ளும் என்பது மாதிரி. கால் மணி நேரம் கழித்து செக்யூரிட்டி அண்ணன் கார்டை வாங்கித் தன் சட்டையில் துடைத்து வைத்தார். எரிந்தது. அழுக்காம். போம்மா போ என்று அனுப்பிவிட்டார். நானும் போய்விட்டேன். ஆனால் அன்றைக்கு முழுக்கக் கார்டை எடுத்து எடுத்துத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக நழுவ ஆரம்பித்தது. ரூமைப் பூட்டினேனா என்று பாதித் தெருவில் இருந்து திரும்பி ஓடுவேன். பூட்டித்தான் இருக்கும். கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க மறுபடி ஓடுவேன். தலைக்கு ஷாம்பு போட்டேனா என்று தெரியாமல் இரண்டு தடவை போடுவேன். அம்மா போனில் சொன்னதையே நான் திரும்பக் கேட்க, "கூறு கெட்டவளே, இப்பதானட்டி சொன்னேன்" என்று வைவாள். சிரித்துச் சமாளிப்பேன். போனை வைத்துவிட்டு அழுவேன்.

வெளியே எது மறந்தாலும் தொலையட்டும் என்று விட்டுவிடலாம். லைனில் விட முடியுமா? டக் சத்தம் கேட்கும், கோடு போடுவேன், சீட்டு நகரும். நகர்ந்த அடுத்த நொடி மனசுக்குள் ஆரம்பித்துவிடும். முறுக்கினேனா? இப்போது கேட்டது இந்தச் சீட்டின் சத்தமா, போன சீட்டின் சத்தமா? ஒரு தடவைக்கு இரண்டு தடவை முறுக்கலாம் என்றால் அதுவும் தப்பு, போல்ட் இழுபட்டுப் போகும். ஒவ்வொன்றுக்கும் 'போட்டாச்சு' என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். நாலு நாளில் முறுக்காமலேயே வாய் போட்டாச்சு சொல்லப் பழகிவிட்டது. என் வாயையே செருப்பால் அடிக்கலாம் போல இருந்தது.

எதிரில் நின்று வேலை செய்தவர் மணிமங்கலத்து அக்கா. உள்ளூர்க்காரர், இரண்டு பெண் பிள்ளைகள், அவரும் கான்ட்ராக்ட்தான். சீட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்று எடுத்துக்கொள்வோம். ஒருத்தி பாத்ரூம் போனால் மற்றவள் இரண்டையும் பார்த்துக்கொள்வாள். ஒரே ரெஞ்ச் மாடல், ஒரே மஞ்சள் பேனா. எந்தக் கோடு யார் போட்டது என்று கண்டுபிடிக்க வழியே கிடையாது. என் முகத்தைப் பார்த்து முதலில் கேட்டவர் அவர்தான். இன்னாமே, பேய் பிடிச்சவ மாதிரி கீறே என்றார். ஒருவரிடமாவது சொல்லிவிட்டால் போதும் என்று இருந்த நான் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர்தான் லீவு போட்டு என்னை ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். ஸ்கேன் எல்லாம் வேண்டாம் என்றார்.

"உனக்கு மறதி இல்லம்மா, பயம். மனசு முழுக்க அந்தப் பயத்தையே பாத்துக்கிட்டு இருந்தா, கை என்ன செய்யுதுன்னு யாரு பாக்கறது?"

மாத்திரை கொடுத்தார், மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார், ஒரு நேரத்தில் ஒரு வேலை என்றார். ரூமைப் பூட்டியதும் பூட்டை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார் அக்கா. நல்ல யோசனைதான், கொஞ்ச நாள் உதவியது. லைனுக்குள் போன் கொண்டுபோக முடியாதே. ஆனாலும் தூக்கம் வந்தது, சோறு இறங்கியது. பிழைத்துக்கொள்வேன் என்று நிஜமாகவே நம்பினேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் கான்ட்ராக்ட் புதுப்பிக்க ஒரு மாதம் இருக்கும்போது அது நடந்தது. கடைசிச் செக்கிங்கில் ஒரு சீட்டு சிக்கியது. போல்ட் தலையில் அழகாக மஞ்சள் கோடு இருந்தது. போல்ட்டோ விரலால் தொட்டாலே சுற்றியது. அது காருக்குள் போயிருந்தால், பிரேக் அடிக்கிற அன்றைக்கு உட்கார்ந்திருப்பவர் கதி என்ன? சூப்பர்வைசர் எங்கள் இருவரையும் கண்ணாடி ரூமுக்குக் கூப்பிட்டு, சீட்டை நடுவில் வைத்து, யார் போட்டது என்று கேட்டார்.

நான் யோசித்தேன். என் தலைக்குள் முழுசாகத் தேடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஒன்றுமே இல்லை. நான் போடவில்லை என்று எதை வைத்துச் சொல்வது? அக்காவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"இவளுக்குக் கொஞ்ச நாளா மறதி ஜாஸ்தி சார். டாக்டர்கிட்ட கூட போய்க்கினு இருக்கா."

மெதுவாகத்தான் சொன்னார். எனக்காகப் பரிந்து பேசுவது மாதிரியே இருந்தது. அந்த நேரத்தில் எனக்குக் கோபம்கூட வரவில்லை. அவர் சொன்னது உண்மைதானே?

அடுத்தது ஒய் ஒய் ஷீட். ஒரு தப்பு நடந்தால் ஏன், ஏன் என்று ஐந்து தடவை கேட்டு எழுதும் பேப்பர். போல்ட் ஏன் லூஸ்? முறுக்கவில்லை. ஏன் முறுக்கவில்லை? மறந்துவிட்டது. ஏன் மறந்தது? கவனம் இல்லை. ஏன் கவனம் இல்லை? பயம் என்றேன். சூப்பர்வைசர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கெட்ட மனுஷர் இல்லை. பயம்னு எழுதினா மேல ஒத்துக்க மாட்டாங்கம்மா, அதுக்கு என்ன நடவடிக்கைன்னு நான் எழுதறது என்றார். அலட்சியம் என்று எழுதிக்கொண்டார். ஐந்தாவது ஏன் காலியாகவே இருந்தது. கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாளே என்னை லைனை விட்டு எடுத்து, அட்டைப்பெட்டிக்கு லேபிள் ஒட்டும் இடத்தில் போட்டார்கள். ஒரு மாதம் ஒட்டினேன். பிறகு கான்ட்ராக்ட் முடிந்தது. அக்காவுக்குப் புதுப்பித்தார்கள்.

மறைமலை நகரில் ஒரு கம்பெனி கேன்டீனில் தட்டு கழுவும் வேலை கிடைத்தது. தட்டில் தப்பு செய்தால் யாரும் சாக மாட்டார்கள். மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டேன். என்னத்துக்குச் சாப்பிடுவது? அந்தச் சீட்டை மட்டும் விடாமல் நினைத்துக்கொண்டே இருந்தேன். தட்டைத் தேய்க்கும்போதும் அது, பஸ்ஸில் நிற்கும்போதும் அது. எப்படி விட்டேன், எந்த நேரத்தில் விட்டேன் என்று திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஓட்ட ஓட்ட ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. பேனா மூடியை நான் பல்லில் கடித்திருந்தேன். சீட்டின் இரும்பு பிரேமின் ஓரத்தில் ஒரு கீறல். ரெஞ்ச் பக்கத்தில் தொங்குகிறது, கை அதை எடுக்கவில்லை, நேராகக் கோடு போடுகிறது. வீட்டுப் பூட்டு, பஸ் நம்பர், அம்மா சொன்னது எதுவும் நிற்காத தலையில் இது மட்டும் ஆணி அடித்தது மாதிரி நின்றது.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா என்னைத் தேடி வந்தார். நான் தங்கியிருந்த வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்தோம். ஆளே இளைத்துப்போயிருந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"அந்தச் சீட்டு நான் போட்டதுடி. பெரியவளுக்குக் காய்ச்சல், அவளை வூட்டுல தனியா வுட்டுட்டு வந்த நெனப்புலயே இருந்தேன். கோடு போட்டுட்டு, முறுக்காம வுட்டுட்டேன். சீட்டு நகந்ததுக்கப்புறம்தான் உறைச்சுது. வேலை பூடும்னு வாயத் தொறக்கல. உன் தலையில போட்டுட்டேன்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். திட்டு, அடி, ஏதாவது செய் என்றார். சூப்பர்வைசரிடம் வந்து சொல்கிறேன், வா என்றார்.

"இல்லக்கா, நான்தான் போட்டேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றேன்.

அக்கா என் முகத்தையே பார்த்தார். பிறகு சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி நிதானமாகச் சொன்னார். "நீ எப்படிடி போட்டிருப்பே? அந்த நேரம் நீ பாத்ரூம் போயிருந்தே. நீ அங்க இல்லவே இல்ல."

பேனா மூடியைப் பல்லில் கடித்திருந்ததை அவரிடம் சொன்னேன். பிரேமில் இருந்த கீறலையும், அது எந்தப் பக்கம் என்பதையும் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அக்கா என் கையை விட்டுவிட்டு, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.