சரோஜா பார்த்ததும் நான் கேட்டதும்

பக்கத்து வீட்டு வானொலியில் பள்ளிப் பாடம் தொடங்கியிருந்தது. அப்போதுதான் சரோஜாவின் அப்பா புக்கிட் பாரு வீட்டிலிருந்து சைக்கிளில் வந்தார். இறங்கவில்லை. “காய்ச்சல் இறங்கவே இல்லம்மா. சரோஜா விடியக்காலையில போயிட்டா,” என்றார்.

ஏழாம் வகுப்பில் அவளோடு படித்த உங்களுக்காக இதை எழுதுகிறேன்.

தம்பி பிறந்ததும் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது. நான் பள்ளியிலிருந்து நின்றேன். காஜா பேராங்கில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே பலகைச் சுவர்தான். வகுப்பில் நீங்கள் கேட்ட அதே வானொலிப் பாடத்தைத் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு நானும் கேட்டேன். ஆனால் “இப்போது கரும்பலகையைப் பாருங்கள்” என்று வானொலியில் சொல்லும்போது எனக்கு முன்னால் சுவர்தான் இருக்கும். பள்ளி விட்டதும் சரோஜா வருவாள். “நீ கேட்டதைச் சொல்லு, நான் பார்த்ததைச் சொல்றேன். அப்பத்தான் பாடம் முழுசாகும்,” என்பாள்.

மெர்டேக்கா கிடைத்து நாடு விடுதலையான பிறகு ஒருநாள் நாட்டு வரைபடம் பற்றிய பாடம். நான் சிலேட்டில் ‘கிளக்கு’ என்று எழுதியிருந்தேன்.

“உன் திசை என்னடி, கிளை விடுதா?” என்று கேட்டாள்.

“பின்ன எப்படி? நீயே சொல்லு.”

“கிளக்கு,” என்றாள். இருவரும் சிரித்துவிட்டோம். “வாயில எனக்கும் வராதுடி. பலகையில பார்த்தேன், ழ தான்.”

ஆண்டுத் தேர்வை நானும் வந்து எழுதலாம் என்று ஆசிரியரிடம் கேட்டு அனுமதி வாங்கியவள் அவள்தான். தேறினால் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். அம்மா தயங்கினார்.

“பிள்ளைய யாரு பார்ப்பா?”

“தூக்கிட்டு வரட்டும் அத்தே. எங்க வகுப்புல தூங்கறவங்க நிறைய பேர் இருக்காங்க, இவனும் ஒருத்தனா இருக்கட்டும்.”

அம்மா சிரித்தார். ஆனால் சரி என்று சொல்லவில்லை.

தேர்வுக்கு முன்பே அவள் போய்விட்டாள். இனி நான் எழுதப் போகவில்லை என்றேன். அம்மா தம்பியை என் மடியிலிருந்து வாங்கிக்கொண்டார். “அந்தப் பொண்ணு வெயில்ல நடந்து நடந்து வந்தது எதுக்கு? போய் எழுது.”

எழுதினேன். முடிவு இன்னும் வரவில்லை.

என் கூச்சம் உங்களுக்குத் தெரியும். ஒன்று கேட்டால் எனக்குப் பதில் வர நேரமாகும். அதற்குள் எல்லோரும் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். சரோஜா போகமாட்டாள், தாவணி நுனியை முறுக்கியபடி காத்திருப்பாள். அந்தப் பொறுமையை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டேன். தம்பி இப்போதுதான் பேசப் பழகுகிறான். ஒன்றைக் கேட்டுவிட்டு, அவன் வாய் திறக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.