இரண்டுக்கும் ஆகிற வண்டி

"எதுக்குங்க சார் வண்டி? டூர் போறதுக்கா, ஜாலியா ஓட்டறதுக்கா?"

போன வருடம் நான் ஏறி இறங்கிய ஷோரூம்களில் எல்லாம் முதல் கேள்வி இதுதான். இரண்டுக்கும் என்று சொல்வேன். கேட்டவர் என் நரைத்த மீசையையும் தொப்பையையும் ஒரு தடவை பார்த்துவிட்டு மரியாதைக்குச் சிரிப்பார். ஐம்பதை எட்டிப் பார்க்கிற ஆள் ஜாலியாக ஓட்ட வண்டி வேண்டும் என்று வந்து நின்றால் அவர்தான் வேறு என்ன செய்வார், பாவம்.

இரண்டுக்கும் ஆகிற வண்டி லேசில் கிடைப்பதில்லை. தூரம் போகிற வண்டி கனமாக இருக்கும். உட்கார்ந்தால் முதுகு நிமிர்ந்திருக்கும், டேங்க் பெரிது, திருச்செந்தூர் வரைக்கும் போனாலும் இடுப்பு பிடிக்காது. ஆனால் பழைய பஸ் ஸ்டாண்டு நெரிசலில் அதை உருட்டிக்கொண்டு போவதற்குள் என்ஜின் சூட்டில் கால் வெந்துவிடும். வளைவில் சாய்த்தால் சொன்ன பேச்சைக் கேட்காது. ஜாலிக்கான வண்டி நேர் எதிர். கைப்பிடியைக் கொஞ்சம் திருகினாலே பறக்கும், நினைத்த பக்கம் சாயும். ஒரு மணி நேரம் ஓட்டினால் மணிக்கட்டு விட்டுப்போகும். பின் சீட்டு என்று ஒன்று இருக்கும், உள்ளங்கை அகலத்தில். அதில் ஒரு மனுஷி உட்கார முடியாது.

எனக்கு அந்தப் பின் சீட்டுதான் முக்கியம். அதில் என் மனைவி உட்கார வேண்டும். வண்டி ஆசை வந்ததே அதற்காகத்தான். மூன்று வருடமாக அவள் எந்த டூவீலரிலும் ஏறவில்லை.

அவளுடைய தம்பி வண்டியில் போய்த்தான் செத்தான். தாராபுரம் ரோட்டில், மழை விட்ட ஒரு சாயங்காலம், வளைவில் கொட்டிக் கிடந்த ஜல்லியில் சறுக்கி. கூட யாரும் இல்லை, எதிரில் வண்டி எதுவும் வரவில்லை. புது வண்டி. நம்பர் பிளேட்டில் வைத்த சந்தனம்கூட முழுசாக அழியவில்லை.

எனக்கு அவன் மச்சினன் மட்டும் அல்ல, கூட்டாளி. நான் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையரிடமும் திட்டு வாங்கி, கம்பெனிக்குள்ளும் திட்டு வாங்குகிற உத்தியோகம். அவன் வீரபாண்டிப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் லேபில் இருந்தான். பையர் கேட்கிற நிறத்தைத் துணித்துண்டில் ஏற்றி எனக்கு அனுப்புவான், நான் பையருக்கு அனுப்புவேன். சிவப்பு கூடிப்போச்சு, மஞ்சள் பத்தவில்லை என்று ரிஜெக்ட் ஆகித் திரும்பி வரும். மறுபடியும் ஏற்றுவான். அப்ரூவல் வருகிற வரைக்கும் அனுப்பிக்கொண்டே இருப்பதுதான் எங்கள் ஊர்த் தொழில். முதலில் வருகிற 'வேண்டாம்' என்பதை நம்பினால் திருப்பூரில் ஒருத்தரும் கம்பெனி நடத்த முடியாது.

ஞாயிற்றுக்கிழமை விடிகிற நேரத்தில் இரண்டு பேரும் உடுமலை தாண்டி அமராவதி அணை வரைக்கும் போய்வருவோம். என்னிடம் இருந்தது பழைய வண்டி. அவன் எப்போதும் முன்னால் போய்விடுவான். வழியில் ஒரு டீக்கடையில் எனக்கும் சேர்த்து டீ சொல்லி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். "மச்சான், உங்க டீ ஆறிப்போச்சுங்க" என்று சொல்லிச் சிரிப்பான். அந்த ஆறின டீயைக் குடிக்க நான் அவ்வளவு தூரம் போவேன்.

அவன் போன பிறகு என் வண்டியை நானே விற்றுவிட்டேன். மனைவி விற்கச் சொல்லவில்லை. அவள் தன் ஸ்கூட்டியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, வேலைக்குக் கம்பெனி வேனில் போக ஆரம்பித்தாள். அவளும் பனியன் கம்பெனிதான், செக்கிங்கில் சூப்பர்வைசர். வேனை விட்டுவிட்டால் நடந்தே போவாள். நான் வேலைக்குப் போய்வர வைத்திருந்த ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய் ஏறச் சொன்ன நாளும் உண்டு. ரோட்டு ஓரமாகத் தலையைக் குனிந்துகொண்டு நடப்பாளே தவிர ஏறமாட்டாள். நானும் மெதுவாகக் கூடவே ஓட்டிக்கொண்டு போவேன். பார்க்கிறவர்களுக்குப் புருஷன் பெண்டாட்டி சண்டை என்று தோன்றியிருக்கும். சண்டையாக இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை.

மகள் ஹாஸ்டலில் இருக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர். சாப்பாடு, டிவி, தூக்கம். அவள் என்னோடு பேசாமல் இல்லை. தண்ணி வந்துச்சு, கேஸ் தீர்ந்துபோச்சு, இப்படி எல்லாம் பேசுவாள். ஆனால் என்னைப் பார்த்துப் பேசமாட்டாள். நானும் சேர்ந்து அவன் தலையில் வண்டிப் பைத்தியத்தை ஏற்றிவிட்டேன் என்று நினைக்கிறாள் போல என்று எண்ணிக்கொள்வேன். அதைக் கேட்டுவிட எனக்குத் தைரியம் வரவில்லை. அவளை ஒரு நாள் வண்டியில் உட்கார வைத்துத் திருச்செந்தூர் கூட்டிப்போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எப்படியோ எனக்குள் விழுந்துவிட்டது. இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

வேலைப் புத்தி வண்டியிலும் போகவில்லை. ஒரு துணியின் நிறத்தைக் கடை வெளிச்சத்தில் மட்டும் பார்த்து நாங்கள் ஒப்புக்கொள்ள மாட்டோம். டியூப் லைட்டில் பார்ப்போம், வெயிலில் கொண்டுபோய்ப் பார்ப்போம். அது மாதிரி ஒவ்வொரு வண்டியையும் இரண்டு தடவை ஓட்டினேன். காலி ரோட்டில் ஒரு தடவை, பல்லடம் ரோட்டு லாரிக் கூட்டத்தில் ஒரு தடவை. ஒன்றில் சீட்டு உயரம், சிக்னலில் கால் எட்டவில்லை. இன்னொன்று வேகம் எடுத்தால் கைப்பிடி நடுங்கியது. வேறொன்று எல்லாம் சரி, சத்தம் மட்டும் பனியன் தைக்கிற பவர் டேபிள் மிஷின் ஓடுகிற மாதிரி. ஷோரூம்காரர்கள் என் தலையைக் கண்டாலே உள்ளே போய்விடுகிற நிலைமைக்கு வந்துவிட்டார்கள்.

கடைசியில் ஒன்று அகப்பட்டது. கனமும் இல்லை, தொட்டவுடன் பறக்கிறதும் இல்லை. முதுகு நிமிர்ந்திருந்தது, வளைவில் சாய்த்தால் அழகாகச் சாய்ந்து நிமிர்ந்தது. அவிநாசிபாளையம் வரை ஓட்டிப் பார்த்தேன். திரும்பும்போது ஹெல்மெட்டுக்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு டீக்கடை தாண்டினால் அவன் உட்கார்ந்திருப்பான் என்று தோன்றிவிட்டது.

ஒவ்வொரு வண்டியையும் பார்த்துவிட்டு வந்து ராத்திரிச் சாப்பாட்டில் அவளிடம் சொல்வேன். தட்டைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருப்பாள். இந்த வண்டியைச் சொன்ன அன்று மட்டும் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"பின்னாடி புடிச்சுக்க ஏதாச்சும் இருக்குதுங்களா?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு பக்கமும் நல்ல கம்பி இருக்கிறது, சாய்ந்துகொள்ள முதுகுத் திண்டுகூடத் தனியாகப் போட்டுத் தருவார்கள் என்று கடகடவென்று சொன்னேன். அவள் வருகிறேன் என்று சொல்லிவிட்டதாகவே எடுத்துக்கொண்டேன். அவள் கை கழுவிவிட்டு வந்து, பூ கேட்டுப் பார்த்துவிட்டு வாங்கலாம் என்றாள்.

எங்கள் பக்கம் இது வழக்கம். கல்யாணம், வீடு, தொழில், எது என்றாலும் சாமியிடம் பூ கேட்போம். வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் சிவப்பை ஒரு இலையிலும் வெளியே தெரியாமல் மடித்துச் சாமி முன்னால் போடுவார்கள். ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை ஒன்றும் கிடையாது. ஆனால் அவள் கம்பியைப் பற்றிக் கேட்டுவிட்ட பிறகு எந்தக் கோயிலுக்கும் வரத் தயாராக இருந்தேன்.

எங்கள் குலதெய்வத்திடம் கேட்கலாம் என்றேன். இல்லை, அவள் பிறந்த வீட்டுக் கோயிலில்தான் கேட்க வேண்டும் என்றாள். அது தாராபுரம் தாண்டி இருக்கிறது. மச்சினன் வண்டி வாங்குவதற்கு முன்னால் பூ கேட்டதும் அங்கேதான். அன்றைக்கு நானும் போயிருந்தேன். ஷிப்மெண்ட் தகராறில் ஒரு பையர் போனை விடாமல் பிடித்துக்கொண்டதால் வெளியிலேயே வேப்பமரத்தடியில் நின்றுவிட்டேன். அக்காவும் தம்பியும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். அவன் சட்டைப் பையில் வெள்ளை அரளி இருந்தது. அதுதான் எனக்குத் தெரிந்தது.

இந்த முறை பஸ்ஸில் போனோம். அந்த வளைவு வந்தபோது நான் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள்.

கோயிலில் கூட்டம் இல்லை. பூசாரி இவளைச் சிறுவயதிலிருந்தே அறிந்தவர். தம்பியைப் பற்றி இரண்டு வார்த்தை வருத்தப்பட்டுவிட்டுப் பொட்டலங்களைத் தட்டில் வைத்துக் குலுக்கி நீட்டினார். அவள் கையை நீட்டவில்லை. என்னையே எடுக்கச் சொன்னாள். நான் எடுத்துப் பிரித்தேன். செவ்வரளி.

இலையை அவசரமாக மறுபடியும் மடிக்கப் பார்த்தேன். நம்பிக்கை இல்லாதவன் எதற்கு மடிக்க வேண்டும் என்று கேட்காதீர்கள். பூசாரி என் முகத்தைப் பார்த்தார். நல்ல மனுஷர். தட்டை மறுபடியும் கையில் எடுத்துக்கொண்டார்.

"மனசுல சரியா நெனைக்காம எடுத்திருப்பாருங்க. இன்னொருக்கா கேட்டுப் பார்க்கலாமுங்களா அம்மிணி? போன தடவையும் அப்படித்தானுங்களே கேட்டோம்."

அவள் தட்டின் மேல் கையை வைத்து அமுக்கினாள்.

"வேண்டாமுங்க. அன்னைக்கு மொதல்ல செவப்புத்தானுங்க வந்துச்சு. தம்பி மூஞ்சி சுண்டிப்போச்சு. ரிஜெக்ட் ஆனா நாம விட்டுடறமாக்கா, இன்னொருக்கா அனுப்புன்னு சிரிச்சான். நானும் சிரிச்சுட்டு இன்னொருக்கா எடுத்தனுங்க. வெள்ளை வந்துச்சு. நான்தானுங்க எடுத்தேன்."

அழவில்லை. செக்கிங் டேபிளில் ஓட்டை விழுந்த பனியனை எடுத்துக் காட்டிச் சொல்கிற குரலில் சொன்னாள். பூசாரி தட்டைக் கீழே வைத்துவிட்டுத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது வெறும் பூ, ரோட்டில் ஜல்லி கிடந்ததற்குப் பூ என்ன செய்யும் என்று நான் சொல்லியிருக்கலாம். அதை அவள் தனக்குத்தானே எத்தனை தடவை சொல்லிப் பார்த்திருப்பாள். மூன்று வருடம் அவள் என்னைப் பார்க்காமல் இருந்தது என் மேல் இருந்த கோபத்தால் என்று நினைத்துக்கொண்டு, பக்கத்திலேயே படுத்துத் தூங்கியிருக்கிறேன். கோபமாகவே இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

மெயின் ரோட்டுக்கு நடந்து வந்து பஸ்ஸுக்கு நின்றோம். ஷோரூமிலிருந்து போன் வந்தது. இன்றைக்கு நல்ல நாள், புக் பண்ணிவிடலாமா என்று கேட்டார் அங்கிருந்தவர். வேண்டாமுங்க என்றேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை, அடுத்த வாரம் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்தார். எங்கள் ஊர்க்காரர், அவரும் வேண்டாம் என்பதை நம்புகிறவர் அல்ல.

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்டிருக்கக் கூடாது, ஆனால் கேட்டுவிட்டேன். வெள்ளை வந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று. உங்களோடு வந்திருப்பேன் என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று அப்போதும் ஒரு நப்பாசை.

"இன்னொருக்கா கேட்டிருப்பேனுங்க" என்றாள். "செவப்பு வர்ற வரைக்கும் கேட்டிருப்பேன்."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். மூன்று வருடத்தில் முதல் தடவை. நான் அவள் கையைப் பிடித்தேன். விட்டுவிடச் சொல்லவில்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

பஸ் வந்தது. பின்னால் இரண்டு பேருக்கு இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் அவள் முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். திருப்பூர் வந்து சேரும்வரை விடவில்லை.