கடைசிக்குத் தள்ளிய குடம்

தண்ணீர் வருவதற்கு முன் அந்தக் குழாய் இருமும். அந்தச் சத்தம் கேட்டதும் ஓசூரில் ஒரே வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் "லைன் வீடுகள்" பதினொன்றின் கதவுகளும் திறந்துகொள்ளும். எண்பதுகளின் நடுப்பகுதி, எனக்குப் பத்து வயது. முந்தைய மாலையே குடங்களை வரிசையில் வைத்துவிடுவோம். ஆள் இல்லாவிட்டாலும் குடம் இடம் பிடிக்கும். அடுத்தவர் குடத்தைத் தொடக் கூடாது.

பச்சைக் குடம் மேரி அக்காவுடையது. திருநெல்வேலிப் பக்கமிருந்து தனியாக வந்து, எட்டாம் வீட்டில் இருந்துகொண்டு ஒரு கம்பெனியில் வேலை பழகினாள். ஒருநாள் விட்டு ஒருநாள் ஐந்தரைக்குத் தண்ணீர், ஆறு பத்துக்குக் கம்பெனி பஸ். மூன்று முறை தாமதமானால் வேலை போய்விடும் என்பது லைன் முழுக்கத் தெரியும்.

ஒரு மழை நாளில் சூப்பர்வைசரின் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். அவ்வளவுதான்.

"கம்பெனி பஸ்ஸு இப்ப ரெண்டு சக்கரத்துல ஓடுதாட்டம் இருக்குது" என்றாள் முதல் வீட்டு சரோஜா அத்தை. எல்லோரும் சிரித்தார்கள், அம்மா உரக்கச் சிரித்தாள்.

அதன்பின் பச்சைக் குடம் கடைசிக்குப் போனது. இரண்டு முறை மேரி அக்கா பஸ்ஸைத் தவறவிட்டாள். மூன்றாம் முறை குடத்தை நகர்த்தியது நான்.

"பாப்பா, அத அந்தாண்ட வெய்யி" என்றாள் அம்மா. வைத்தேன்.

"ஏட்டி, எங் கொடத்த யாரு நவட்டுனா?"

"பேசறதப் பாரு, ஏட்டியாம்" என்றாள் சரோஜா அத்தை.

ஹாரன் கேட்டபோது மேரி அக்காவுக்கு முன்னால் இன்னும் நான்கு குடங்கள் இருந்தன. குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள், பஸ் நிற்கவில்லை. அந்த வாரமே எட்டாம் வீடு காலியானது.

ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஊரிலிருந்து வந்தவர்கள், ஒன்றாகச் சிரிக்க ஒருத்தி தேவைப்பட்டாள் என்று நான் பெருந்தன்மையாக விளக்கலாம். விளக்க மாட்டேன். மேரி அக்கா வருவதற்கு முன்பு கடைசிக்குத் தள்ளப்பட்டது எங்கள் குடம். காவேரிப்பட்டினத்திலிருந்து புருஷன் இல்லாமல் வந்தவள் என்று சரோஜா அத்தை சிரித்தது என் அம்மாவைப் பார்த்து. அந்த இடம் எப்படி எரியும் என்று அம்மாவுக்குத் தெரியும். அங்கே திரும்பிப் போகாமலிருக்கத்தான் இன்னொருத்தியை அனுப்பினாள், என் கையால்.

இன்று அந்தக் குழாயும் இல்லை, லைனும் இல்லை. அடுக்குமாடியில் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வருகிறது. போன வாரம் எங்கள் குடியிருப்புப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில், மூன்றாம் மாடிப் பெண் யார் காரில் வந்து இறங்குகிறாள் என்று ஒருத்தி கேட்டிருந்தாள். கீழே ஒன்பது சிரிப்பு முகங்கள், எண்ணினேன். போனை மூடப் போனேன். எண்பது வயது அம்மா திரையை எட்டிப் பார்த்துவிட்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"யாரு, அந்த மேல் வூட்டுப் புள்ளையா? என்ன பண்ணாளாம்?"