மடியில் இருந்த மஸ்கட்

என் சேலை மடியில் இனிப்பு இருந்தது. இருந்தும் இல்லை என்று இருந்துவிட்டேன். அதனால் சரசு செத்துப்போனாள்.

இதைத்தான் சொல்ல வந்தேன். நீங்கள் யாரோ, எவரோ... ஒருவேளை எங்கள் ஊர்க்காரராகக்கூட இருக்கலாம். அப்படியானால் இதைப் படித்துவிட்டு என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்து ஆறுதல் சொல்லாதீர்கள். எனக்கு ஆறுதல் சொல்ல ஊரில் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களையே தாங்க முடியவில்லை.

எங்கள் ஊர் தேற்றாத்தீவு. சண்டைக் காலம். மாதர் சங்கத்துக்கு அப்போது நான்தான் செயலாளர். சங்கம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கொஞ்சம் பெண்கள், ஒரு தையல் இயந்திரம், என் வாய்! "உன்ட வாய்க்குப் பயந்துதான் எல்லாரும் கூட்டத்துக்கு வாறாளுகள்" என்று சரசு கேலி செய்வாள். அவள் அடுத்த வளவுக்காரி. பாவாடை கட்டிய நாளிலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள் நாங்கள். ஊருக்கெல்லாம் நான் தங்கக்கா. அவளுக்கு மட்டும் தங்கம்; இல்லாவிட்டால், எங்கள் பக்கத்துத் தோழிகள் கூப்பிடுவதுபோல் வெறும் 'கா'.

ஒரு வருடம் பாதை கொஞ்சம் திறந்திருந்தது. மேற்குக் கரையில் இருக்கிற முன்னேஸ்வரம் கோயிலுக்கு ஒரு பஸ் பிடித்துப் போய் வருவோம் என்று நான்தான் கிளப்பினேன். ஒவ்வொருத்திக்கும் ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. ஒருத்திக்குக் காணாமல் போன மகன், ஒருத்திக்கு வெளிநாட்டில் கிடந்து கடிதம் போடாத புருசன். சரசுவுக்கு ஒரே மகள் கலா. அவளை நல்ல இடத்தில் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் கண்ணை மூட வேண்டும் என்பதே அவள் நேர்த்தி. கடவுளே... கட்டிக் கொடுக்கும் வரைகூட நான் விடவில்லையே!

பஸ்ஸில் தின்ன என்ன கட்டிக்கொண்டு போவது? சிரிக்காதீர்கள். அந்த நாளில் அது லேசான கேள்வியே அல்ல. சோதனைச்சாவடியில் பார்சலைக் கம்பியால் குத்திப் பார்ப்பார்கள். குத்தினாலும் கெடாத பண்டமாக இருக்க வேண்டும். வறுத்த அரிசி மாவில் பிடிக்கிற பொரிமா உருண்டை கூடவே கூடாது. அது நாள்பட இருக்கும், காட்டுக்குள் இருக்கிற இயக்கப் பொடியன்களுக்குப் போகிற சாப்பாடு என்று ஆமிக்கு நல்லாய்த் தெரியும். தகரத்தில் அடைத்து வருகிற ரின்மீனும் அப்படித்தான், நினைத்தும் பார்க்க முடியாது. இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தபோது, சங்கத்தில் இளையவளான செல்வி, "அப்ப தொதல் கிண்டுவம் தங்கக்கா" என்றாள். தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் விட்டுக் கிண்டுகிற அந்த இனிப்பை நினைத்து எல்லோர் வாயிலும் எச்சில் ஊறியது.

நான் சரசுவைப் பார்த்தேன். அவளுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. இனிப்பென்றால் உயிரை விடுகிறவள், அதைத் தொட்டு வருடக் கணக்கு.

"நீங்க தின்னுங்க கா. நான் யன்னலுக்கு வெளிய பராக்குப் பாத்துக்கொண்டு வாறன்" என்று சிரித்தாள்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்த வேகம்! மேசையில் ஓங்கி அடித்தேன்.

"இந்த பஸ்ஸில ஒரு துண்டு இனிப்பு ஏறப்படாது! இவள் வாயப் பொத்திக்கொண்டு இரிக்க, நாம சப்புக் கொட்டுறதா? மனிசரா நாம?"

சரசுவின் கண் நிறைந்துவிட்டது. என் கையைப் பிடித்து, "உனக்கு என்ன மனம் கா, தங்கம்!" என்றாள். நான் பூரித்துப் போனேன். முறுக்கு, கச்சான் கடலை, மரவள்ளிப் பொரியல், ரொட்டியும் கட்டைச் சம்பலும் என்று முடிவாயிற்று. அன்று வீட்டுக்கு நடக்கும்போது என் கால் நிலத்தில் படவில்லை. அவ்வளவு நல்லவள் நான்!

பயணத்துக்கு முதல் நாள் துணி வாங்கக் காத்தான்குடிக்குப் போனேன். கடைக் கண்ணாடிக்குப் பின்னால் மஸ்கட் இருந்தது. சிவந்து, நெய் மினுங்கி, தொட்டால் ஆடுகிற அல்வா. வாயில் வைத்தால் கரைந்து போகும். எனக்கோ இனிப்பில்லாமல் பின்னேரத் தேத்தண்ணி தொண்டைக்குள் இறங்காது. ஒரு துண்டுதானே... யாருக்குத் தெரியப் போகிறது? எண்ணெய்க் கடதாசியில் சுற்றி வாங்கினேன். விடிய எழும்பிச் சேலை கட்டும்போது அதை இடுப்பு மடியில் செருகிக்கொண்டேன்.

பஸ் ஏறும் இடத்தில் செல்வியின் சின்ன மகள் கைக்குள் டொபி மிட்டாய் வைத்திருந்தாள். பிடுங்கினேன்! "சங்கம் சொன்னது அம்மைக்கு விளங்கல்லியா?" என்று தாயையும் ஏசிவிட்டு, டொபியைப் பக்கத்து மதிலில் வைத்தேன். பிள்ளை விம்மி விம்மி அழுதது. என் இடுப்பில் மஸ்கட்! எனக்கு வெட்கமாக இருந்ததா என்று கேட்கிறீர்களா? இல்லை. அந்த நேரம் அது நினைவிலேயே வரவில்லை.

சரசு விடியவே சீனியைக் குறைக்கிற குளிசை போட்டிருந்தாள். ஏறாவூர் தாண்டும்போது, "ரொட்டி ஒண்டு தா கா, பசிக்கிது" என்றாள்.

"வாழைச்சேனைக்கு அங்கால சோதனையெல்லாம் முடியட்டும். பிரிச்ச பார்சலுக்குள்ள கம்பி விட்டுக் கிளறினா மறுகா ஆர் தின்னுற?"

"ஓம், அதுவும் சரிதான்" என்று தண்ணீரைக் குடித்துவிட்டு இருந்தாள்.

குளிசை போட்டவளைப் பட்டினி போட்டது பிழை. ஆனால் அது தெரியாமல் செய்த பிழை. அதற்காக நான் இதை எழுதவில்லை.

வாழைச்சேனை கழிந்து காட்டுப் பாதையில் போகும்போது, முன்னுக்கு எங்கோ வெடிச் சத்தம் கேட்டது. சோதனைச்சாவடியில் மறித்துவிட்டார்கள். எல்லோரும் இறங்கு! பைகள் பஸ்ஸுக்குள்ளேயே இருக்கட்டும்! அடையாள அட்டை மட்டும் கையில்! பஸ்ஸை எங்கள் சாப்பாட்டோடு முகாம் வேலிக்குள் கொண்டுபோய்விட்டார்கள். முன்னுக்கும் போக முடியாது, பின்னுக்கும் போக முடியாது. கடை கண்ணி இல்லாத காடு.

பெண்களைக் கிடுகு மறைப்புக்குள் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு, ஒரு பெண் சிப்பாய் தடவிப் பார்த்தாள். அவள் கை என் இடுப்பில் நின்றது. எனக்கு உயிர் போய் வந்தது. பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். பிரித்தாள். மணந்து பார்த்தாள். "மஸ்கட்!" என்று சிரித்தாள். திரும்பவும் சுற்றி என் கையிலேயே தந்துவிட்டாள்.

இதை ஏன் விலாவாரியாகச் சொல்கிறேன் தெரியுமா? ஆமிக்குப் பயந்து பேசாமல் இருந்தேன் என்று சொன்னால் நீங்கள் என்னை மன்னித்துவிடுவீர்கள். சண்டைக் காலம், பாவம், அவள் என்ன செய்வாள் என்பீர்கள். அந்த மன்னிப்பு எனக்கு வேண்டாம். ஆமி பார்த்துவிட்டுத் திருப்பித் தந்த இனிப்பு அது!

வெயில் ஏறியது. பாலை மரத்தடியில் குந்தியிருந்தோம். சரசுவின் சட்டை வேர்வையில் தொப்பலாகிவிட்டது. என் தோளில் சாய்ந்தாள்.

"தங்கம்... கை நடுங்குது கா. சீனி இறங்கிற மாதிரி இரிக்கு. முன்னமும் ஒருக்கா இப்பிடி வந்தது. ஆரிட்டயாவது ஒரு துண்டு இனிப்பு இரிக்கா கேளன்."

என்னிடம் கேட்டாள். என்னிடம்!

நான் என்ன செய்தேன் தெரியுமா? எழும்பி நின்று, இருந்த பெண்களையெல்லாம் பார்த்து, என் பெரிய குரலில் கூப்பிட்டுக் கேட்டேன். "ஆரிட்டயும் இனிப்பு இரிக்கா? சரசுக்கு ஏலாம வருது, கெதியாப் பாருங்க!"

ஒவ்வொருத்தியும் மடியைத் தட்டிப் பார்த்தாள். ஒருத்தியிடம் கொஞ்சம் கச்சான் இருந்தது. சரசு வாயில் போட்டாள், மெல்ல முடியாமல் துப்பிவிட்டாள். செல்வி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கதானே தங்கக்கா இனிப்பு ஏறப்படாதெண்டு சொன்ன நீங்க. புள்ளையிட டொபியையும் பறிச்சிட்டீங்க..."

அந்தப் பார்வைக்கு முன்னால் எப்படி எடுப்பேன்? சரசு கேட்டவுடன் எடுத்திருந்தால் ஒரு சிரிப்போடு போயிருக்கும். "அடி கள்ளி!" என்று அவளே என் தொடையில் அடித்திருப்பாள். ஊரைக் கூட்டிக் கேட்ட பிறகு, பிள்ளையின் டொபியைச் சொல்லிக் காட்டிய பிறகு... என் கை இடுப்புக்குப் போகவில்லை. மானம்! வேறொன்றும் இல்லை. வெறும் மானம்.

நீங்கள் நம்பமாட்டீர்கள், நான் ஒரு கதை யோசித்துக்கொண்டிருந்தேன். ஒதுங்கப் போவதுபோல் பற்றைக்குப் பின்னால் போய்விட்டு வந்து, அந்தப் பெண் சிப்பாய் தந்தாள் என்று சொல்லலாமா? செல்வி நம்புவாளா? கடதாசி காத்தான்குடிக் கடைக் கடதாசி என்று யாராவது கண்டுபிடித்துவிட்டால்? ஐயோ! பக்கத்தில் ஒரு உயிர் போய்க்கொண்டிருக்கிறது, நான் கடதாசியைப் பற்றி யோசிக்கிறேன்!

சரசு புலம்பத் தொடங்கினாள். கலாவைக் கூப்பிட்டாள். பிறகு என்னைப் பார்த்தே, "நீ ஆருகா?" என்றாள். அவள் தலையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அவள் கன்னத்துக்கும் பொட்டலத்துக்கும் நடுவில் ஒரு சேலை மடிப்புத்தான் இருந்தது. எனக்கு நெய் வாசம் வந்தது. அவளுக்கும் வந்திருக்குமா?

செல்வி ஓடிப்போய் வேலியடியில் நின்ற இளம் சிப்பாய் ஒருவனிடம், "சீனி, சீனி" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அவனுடைய சிங்களத்திலும் அது சீனிதான். எட்டிச் சரசுவைப் பார்த்தான். துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு முகாமுக்கு ஓடினான். அந்த வெயிலில், சப்பாத்துக் காலோடு, ஒரு தமிழ்ப் பெண்ணுக்காக ஓடினான். திரும்பி வரும்போது உள்ளங்கை நிறையச் சீனி. வழியெல்லாம் சிந்திக்கொண்டு வந்தான்.

அதற்குள் அவளுக்குப் பல்லுக் கட்டிவிட்டது. சீனியைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். கடைவாயால் வழிந்தது. நான் அவனுடைய முகத்தைப் பார்க்கவில்லை. இன்றைக்கும் கனவில் அந்த உள்ளங்கைதான் வருகிறது, முகம் வருவதில்லை.

அதன் பிறகு பஸ்ஸை விட்டார்கள். ஆஸ்பத்திரியில் டொக்டர் ஊசி ஏற்றினார். கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். "வருத்தக்காரி எண்டு தெரிஞ்சும் ஒரு டொபிகூட ஒருத்தரும் கொண்டு வரல்லியா? கொஞ்சம் முந்தி ஒரு துண்டு இனிப்பு வாயில வச்சிருந்தாப் போதும்" என்றார். பெண்கள் எல்லோரும் குனிந்தார்கள். நானும் குனிந்தேன். மறுநாள் விடிய, கண் திறக்காமலே சரசு போய்விட்டாள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டால் சொன்னதெல்லாம் பொய்.

அன்று மைமல் இருட்டில், அவள் உள்ளே இழுத்துக்கொண்டு கிடக்கும்போது, நான் ஆஸ்பத்திரிக் கிணற்றுக்குப் பின்னால் போய்ப் பொட்டலத்தை எடுத்தேன். நசுங்கி, என் வேர்வையில் ஊறிக் கிடந்தது. எறிந்தால் யாராவது காண்பார்கள்... நாய் இழுத்துக்கொண்டு வரும்... அதனால் தின்றேன்! நின்ற நிலையில், விரலை நக்கி, முழுவதையும் தின்றேன்.

இனித்தது.

மண்ணாக இருந்திருக்கக் கூடாதா? வாந்தி வந்திருக்கக் கூடாதா? விடியற்காலையிலிருந்து பட்டினி கிடந்த வயிறு. இனிமேல் இல்லையென்று இனித்தது. நான் எப்படிப்பட்ட பிறவி!

கலாவை நான்தான் நின்று கட்டிக் கொடுத்தேன். ஊர் மெச்சியது. ஒவ்வொரு திவசத்துக்கும் முதல் இலை எனக்கு. "அம்மா உங்கட மடியில தலை வச்சுக் கிடந்தாவே மாமி... எனக்கு அது போதும்" என்று என் கையைப் பிடிப்பாள். எத்தனையோ தரம் வாயெடுத்தேன். அவளுக்கு இருக்கிற அந்த ஒரு ஆறுதலையும் பறிக்கக் கூடாது என்று விட்டுவிட்டேன் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். உண்மையா? இல்லை, அன்றைய அதே மானம்தானா? எனக்குத் தெரியவில்லை.

இப்போது எனக்கும் சீனி வருத்தம். கிளினிக்குக்குக் கூட்டிப் போவதும் கலாதான். போன கிழமை ஒரு சின்னப் பொட்டலம் கொண்டு வந்தாள். உள்ளே டொபிகள். என் சேலை மடியைத் தன் கையாலேயே விலக்கி, இடுப்பில் செருகிவிட்டாள்.

"அம்மைக்கு நடந்தது உங்களுக்கு நடக்கப்படாது மாமி. கை நடுங்கினா உடன எடுத்து வாயில போடுங்க. ஆரையும் பாக்காதீங்க."

அவள் விரல் பட்ட இடம்... அதே இடம்.

இதை எழுதத் தொடங்கியபோதே கை லேசாக நடுங்கியது. பயத்தினால் என்று நினைத்தேன். இப்போது வேர்க்கிறது, எழுத்துக் கோணுகிறது. அப்படியே இருந்துவிடலாமா என்று கொஞ்ச நேரம் பார்த்தேன்.

பிறகு மடிக்குள் கையை விட்டு ஒரு டொபியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். இன்றைக்கும் இனிக்கிறது.