ஈரம் பட்டால் சோதனை கெட்டுவிடும்

அந்தத் தெருவில் அவருக்கு 'ஆட்டோமேட்டிக்' என்று பெயர். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. வீட்டில் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப்போட மாட்டார். ஆனால் சோம்பேறி என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. ஒரு காரியத்தைக் கையால் செய்யாமலிருக்க வாரக்கணக்கில் முதுகு ஒடிய உழைக்கிற மனிதரை எப்படிச் சோம்பேறி என்பது? கை தட்டினால் எரிகிற விளக்கு வைத்தார். அவருக்கு ஜலதோஷம் பிடித்தபோது தும்மலுக்குத் தும்மல் அது எரிந்து அணைந்து வீட்டில் யாரையும் தூங்கவிடவில்லை. மீன் தொட்டிக்குத் தானாக இரை போடும் பெட்டி வைத்தார். மீன்கள் தின்றே செத்தன. "மீனுக்கு அளவு தெரியல" என்று தீர்ப்பும் சொன்னார்.

கடைசியில் அவருடைய கண் மனைவியின் ரோஜாச் செடிகள்மேல் விழுந்தது.

அந்த அம்மாள் பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். வீட்டுக் கொல்லையில் ரோஜாவுக்கு ஒட்டுக்கட்டி, கட்டிக் கட்டிக் கருகவிட்டு, இந்த முறைதான் ஒட்டுப் பிடித்துத் தளிர் விட்டிருந்தது. இவை பிழைத்துவிட்டால் வேலையை விட்டுவிட்டு நாற்றுப் பண்ணை வைத்துவிடுவது என்று முடிவு. தலைமை ஆசிரியரிடம்கூடச் சொல்லியாகிவிட்டது. அந்தச் சமயம் பார்த்துத் தங்கைக்கு அறுவைச் சிகிச்சை. போகாமல் முடியாது.

"தினம் ஒரு செம்பு தண்ணி ஊத்தினாப் போதுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள்.

"செம்பா? நீ நிம்மதியாப் போயிட்டு வா. மண்ணு காய்ஞ்சா அதுவே தெரிஞ்சுக்கிட்டு அதுவே ஊத்திக்கும்."

அவள் வண்டி ஏறியதும் குழாய் பதித்தார், மண்ணில் ஈரம் பார்க்கும் சென்சாரைச் செருகினார், மின்சாரத்தில் திறக்கும் வால்வை மாட்டினார். மண் காய்ந்தது. சென்சார் அதைக் கண்டுபிடித்தது. வால்வு 'டக்' என்றது. கைபேசியில் 'திறந்துள்ளது' என்று பச்சை எழுத்தில் வந்தது. தண்ணீர் மட்டும் வரவில்லை.

வேறொருவராக இருந்தால் சலித்துக்கொண்டிருப்பார். இவருக்கோ உற்சாகம் பிய்த்துக்கொண்டு வந்தது. அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, மீட்டரும் திருப்புளியுமாகக் கொல்லையில் உட்கார்ந்துவிட்டார். கம்பிகளை மாற்றினார். செயலியை அழித்து மறுபடி ஏற்றினார். மின்சாரம் சரியாக வருகிறதா என்று அளந்தார், வந்தது. விற்ற கடைக்காரருக்கு அவர் ஃபோனை எடுப்பதை நிறுத்தும்வரை ஃபோன் செய்தார்.

மேல்வீட்டில் குடியிருந்த தையல்காரம்மா ஜன்னல் வழியே இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு வாளியோடு இறங்கி வந்தாள்.

"அண்ணா, தளிரெல்லாம் தொங்கிப்போச்சு. நான் கொஞ்சம் ஊத்திடறேன்."

"ஐயோ, ஊத்திடாதேம்மா" என்று பாய்ந்து வாளியைப் பிடித்தார். "மண்ணு நனைஞ்சா சென்சார் வால்வைத் திறக்கச் சொல்லாது. அப்புறம் எங்க கோளாறுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"செடி செத்துடுமேண்ணா."

"சோதனை முடியட்டும்."

அவள் அவரையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மாடியேறினாள். அடுத்தவர் வீட்டுச் செடி, எவ்வளவுதான் சொல்வது?

இதைவிட ஒரு கூத்து உண்டு. அந்த வால்வின் தலையிலேயே, கையால் திறக்க ஒரு சின்னத் திருகு இருந்தது. அது அவருக்குத் தெரியும். குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க அதைத் திருகவும் செய்தார். ஒவ்வொரு செடியின் காலடியிலும் சொட்டுத் தண்ணீர் எட்டிப் பார்த்தது. "தண்ணியில குத்தம் இல்ல" என்று திருப்தியோடு சொல்லிக்கொண்டு, மண் நனைவதற்குள் அவசரமாக மூடினார். மனிதரைப் பிடித்து நாலு உலுக்கு உலுக்கலாம் போல இருக்கிறது, என்ன செய்ய?

கடைசியில், பத்தாம் நாள், கண்டுபிடித்தும் விட்டார். வால்வின் மேலிருந்த மின்சுருளைக் கழற்றினால், அதன் அடியில், மின்சாரத்தில் திறக்கும்போது மட்டும் வேலை செய்கிற ஊசித் துளை ஒன்று. அதில் ஒரு மணல் துகள். கம்பியால் நெம்பி எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். எல்லாவற்றையும் மாட்டினார். 'டக்'. தண்ணீர் பாய்ந்தது. உடனே மனைவியைக் கைபேசியில் வீடியோவில் கூப்பிட்டு, குழாயைக் காட்டினார்.

"பாத்தியா? நான் கையே வெக்கல. அதுவே திறந்துச்சு."

"தண்ணி தெரியுதுங்க. செடியைக் காட்டுங்க."

கைபேசியைத் திருப்பினார். அன்றுதான் அவரும் செடிகளைச் சரியாகப் பார்த்தார்.

"ஈரம் இப்ப எண்பது சதவீதம் காட்டுது" என்றார் அவசரமாக.

"ஒட்டுக்கு மேல தண்டை நகத்தால லேசாக் கீறிப் பாருங்க. உள்ள பச்சையா இருக்கா?"

கீறினார். மரத்தூள் நிறம். அடுத்த செடியிலும் அதே நிறம். அதற்கடுத்ததையும் கீறினார்.

"சொல்லுங்க. ஒண்ணாவது?"

"இல்ல" என்றார்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"சரி, ஹெட்மாஸ்டர்கிட்ட நான் வேலையை விடலைன்னு சொல்லிடறேன்" என்றாள். "அந்தத் தண்ணியை நிறுத்துங்க. எதுக்கு வீணாப் போகுது."

அவர் கைபேசியை ஒரு தட்டுத் தட்டினார். வால்வு சொன்ன பேச்சைக் கேட்டு உடனே மூடிக்கொண்டது.