தணிகாசலம் அண்ணனின் பத்தாயிரம் அடிகள்

எங்கள் தெருவில் தணிகாசலம் அண்ணனைப் போலப் பட்டு நெய்கிறவர்கள் நாலைந்து பேர் உண்டு. அவரைப் போலச் சாப்பிடுகிறவர் ஒருவரும் கிடையாது. ஆரணியில் பட்டுக்கும் பஞ்சமில்லை, அரிசிக்கும் பஞ்சமில்லை. இரண்டையும் அவர் ஒரே மாதிரி கவனித்துக்கொண்டார். ஐம்பத்தாறு வயதில் தொண்ணூற்று நாலு கிலோ இருந்தார். எதிர்வீட்டுக்காரன் என்ற உரிமையில்தான் இதைச் சொல்கிறேன், பொறாமையில் இல்லை.

என் பெயர் ஜெகநாதன். பாவு வேலை செய்கிறவன். தறியில் ஏற்றுவதற்கு முன் சேலையின் நீளவாட்டு இழைகளைத் தெருவில் இழுத்துக் கட்டி, அறுந்ததை முடிந்து, ஒட்டியதைப் பிரித்துச் சீராக்கித் தர வேண்டும். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை. விடியும்போதே நானும் என் ஆட்களும் தெருவில் நிற்போம். அந்த நேரத்தில் எந்த வீட்டில் என்ன நடந்தாலும் என் காதில் விழாமல் போகாது.

அண்ணன் வீட்டிலிருந்து விழுந்தது முனகல் சத்தம். அவருடையது குழித்தறி. குழிக்குள் காலைத் தொங்கவிட்டு விளிம்பில் உட்கார்ந்து, அடியில் இருக்கும் மிதிகளை மிதித்து நெய்ய வேண்டும். உட்கார்ந்துவிட்டால் சுகம்தான், எழுந்திருப்பதுதான் பாடு. இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனதிலிருந்து அவரால் தானாக வெளியே வர முடியவில்லை. துர்கா அண்ணிதான் வந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்து, தறிக்காலில் ஒரு பாதத்தை முட்டுக்கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பார். டிபனுக்கு ஒரு தடவை, சாப்பாட்டுக்கு ஒரு தடவை, இடையில் வெளியே போக இரண்டு மூன்று தடவை. மகன் ரஞ்சித்குமார் செய்யாறு கம்பெனியில் வேலை பார்க்கிறான். கம்பெனி பஸ் அவனை இருட்டோடு கொண்டுபோய் இருட்டோடு கொண்டுவந்து விடும். தறியை உயர்த்தி, பெஞ்சு போட்டு நெய்யலாமே என்றால், சேலையில் பூ விழவைக்கும் ஜக்கார்டு பெட்டி மேலே ஏற்கனவே உத்திரத்தை முட்டிக்கொண்டிருந்தது.

இதில் அண்ணன் பட்டது கால்வலி. அண்ணி பட்டது வேறு. மூன்று வருடமாக அவரால் ஓர் இரவு வெளியூரில் தங்க முடியவில்லை. ஒரு தடவை ஆடி மாதத்தில் படவேட்டுக்கு, தங்கை சின்னம்மாள் வீட்டுக்குப் போனார். கோயிலுக்குப் போய்விட்டு மத்தியானமே திரும்புவதாகப் பேச்சு. படவேட்டு பஸ் யார் பேச்சைக் கேட்டது? இங்கே அண்ணன் தண்ணீர்கூடக் குடிக்காமல் சாயங்காலம் வரை குழியில் உட்கார்ந்திருந்தார். கடைசியில் நானும் என் ஆள் ஒருவனும் சேர்ந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கினோம். அதற்குப் பிறகு அண்ணி ஊர்ப்பக்கம் போகவே இல்லை.

போன ஆவணியில் சின்னம்மாள் வந்தார். மகள் சூர்யகலாவுக்குத் தை கடைசியில் கல்யாணம் என்று வெற்றிலை பாக்கு வைத்துச் சொன்னார். புருஷனை இழந்தவர் அவர். கூடமாட நின்று செய்ய அக்காவை விட்டால் ஆள் இல்லை. பத்து நாள் முன்னாலேயே வந்து இரு என்று கேட்டார். அண்ணி குழியைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நான் வந்துட்டா இவர யாரு தூக்குவாங்க? முகூர்த்தத்துக்கு வந்துட்டு மதியமே கெளம்பிடறேன்மா."

சின்னம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். அண்ணன் அன்று ராத்திரி இரண்டாம் தடவை சோறு வாங்கவில்லை என்று ரஞ்சித் சொன்னபோதே எனக்கு விஷயம் பெரிது என்று தெரிந்துவிட்டது.

மறுநாள் அவரே எலும்பு டாக்டரிடம் போனார். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இப்போதைக்குக் கத்தி வேண்டாம், பத்து கிலோ குறையுங்கள், தொடைச் சதையை பலப்படுத்துங்கள், சமதரையில் தினமும் நடங்கள் என்றார். மகன் உடனே அடிகளை எண்ணும் கைக்கடிகாரம் ஒன்று வாங்கிக் கட்டிவிட்டான். ஐயாயிரத்தில் ஆரம்பித்துப் பத்தாயிரம் வரை போக வேண்டும் என்று கணக்கு.

இங்கேதான் கூத்து ஆரம்பித்தது. மூன்றாம் நாளே கடிகாரம் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. அடுத்த வாரம் பதினாலாயிரம். சாயங்காலம் வாசலில் நின்று மணிக்கட்டைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். "இன்னா ஜெகா, நீ தெரு முழுக்க சுத்தியும் எட்டாயிரம் தாண்டலியாமே" என்று ரஞ்சித்தின் ஃபோனை ஒரு நாள் என் சட்டைப்பையில் போட்டு அடிகளை எண்ணிப் பார்த்த கணக்கை வைத்து என்னை மட்டம் தட்டினார். எனக்கு ரோஷம் வந்தது. காரணமே இல்லாமல் மார்க்கெட் வரை இரண்டு தடவை போய்வந்தேன். பத்தாயிரம் நடக்கிற மனுஷனுக்குப் பசிக்கத்தானே செய்யும் என்று அண்ணன் பழைய அளவுக்கே சோறு வாங்கினார். மேலே இரண்டு முட்டையும் சேர்ந்தது. ஒரு மாதம் கழித்து டாக்டரின் தராசில் ஏறினால் தொண்ணூற்று ஆறு.

தராசு பழுது என்று சொல்லிவிட்டு வந்தார். நானும் தலையாட்டினேன், அந்த வெட்கத்தையும் சொல்லித்தானே ஆகவேண்டும்.

புரட்டாசி அமாவாசை வந்தது. அமாவாசைக்கு எங்கள் ஊரில் தறி ஓடாது. அண்ணன் குளித்து, கோயிலுக்குப் போய், மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டு, வழியெல்லாம் நின்று நின்று, மூச்சு வாங்க வீடு வந்து சேர்ந்தார். கடிகாரம் ஆயிரத்து எழுநூறு காட்டியது. அண்ணி வாழைக்காய் சீவிக்கொண்டே அதைப் பார்த்தார். நேற்றெல்லாம் குழியை விட்டு நகராத ஆள் பன்னிரண்டாயிரம் அடி வைத்திருக்கிறார், இன்றைக்கு ஊரைச் சுற்றியவர் ஆயிரத்து எழுநூறுதானா என்று கேட்டார். அவரே கடிகாரத்தைக் கழற்றித் தன் வலக்கையில் கட்டிக்கொண்டு, தறியருகே போய், அமாவாசை என்பதால் குறுக்கு இழையைக் கொண்டு ஓடும் நாடாவை எடுத்து வைத்துவிட்டு, நெய்கிறவர்கள் நாடாவை ஓட்டுவதற்கு இழுக்கும் கயிற்றை மட்டும் வெறுமனே இருபது தடவை இழுத்தார். கடிகாரத்தில் இருபது அடி ஏறியிருந்தது.

அண்ணி தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பன்னிரண்டாயிரமும் அண்ணன் கையால் நடந்தது. ஒரு மாதமாக அவர் நெய்த சேலையைத்தான் கடிகாரம் நடை என்று எழுதிக்கொண்டிருந்தது. அவருக்கு முகம் சுண்டிப்போனது. தை வருவதற்கு நாலு மாதம்கூட முழுசாக இல்லை.

டாக்டர் அனுப்பிவைத்த உடற்பயிற்சிப் பெண், பெயர் சாரா, நன்றாகத் திட்டத் தெரிந்தவர். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நீட்டி, பத்து எண்ணும்வரை நிறுத்தி இறக்கச் சொன்னார். காலையில் இருபது, மாலையில் இருபது. குந்தி உட்காரவே கூடாது. குழிக்குள் ஓர் ஓரத்தில் செங்கல் வைத்து இரண்டு படி கட்டச் சொன்னார். ஏறும்போது வலி குறைந்த கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். எங்கே நடப்பீர்கள் என்று கேட்டபோது அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். பள்ளிக்கூட மைதானத்தில் ஷூ போட்டுக்கொண்டு வேலையில்லாமல் சுற்றுவதற்கு அவருக்குக் கூச்சம்.

வேலையில்லாமல்தானே கூச்சம், வேலையோடு வாருங்கள் என்று நான் கூப்பிட்டேன். நான் யோசித்துச் செய்த நல்ல காரியம் வாழ்க்கையில் அது ஒன்றுதான். பாவு ஏறக்குறைய இருபது மீட்டர் நீளம் கட்டியிருப்போம். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இழையைப் பார்த்துக்கொண்டே மெதுவாக நடக்க வேண்டும், திரும்ப வேண்டும், மறுபடி நடக்க வேண்டும். தெரு சமதரை. பனி இறங்கியிருக்கும் நேரம். அறுந்த இழையைப் பார்த்ததும் நின்றுவிடலாம், நிற்பதற்கு யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். முதல் நாள் ஆறு தடவை போய்வந்து என் வீட்டுப் படியில் சாய்ந்துவிட்டார். பத்தாம் நாள் இருபது தடவை. நாற்பது வருடம் நெய்த கண் அவருக்கு. என் ஆட்கள் தவறவிட்ட இழையையெல்லாம் பிடித்தார். அவர்களுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

பாவு முடிந்ததும் பாவுக்குச் சொந்தக்காரர் எல்லோருக்கும் டீயும் போண்டாவும் வாங்கித் தருவது வழக்கம். போண்டாவைத் திருப்பித் தந்தால் மரியாதை இல்லை, தின்றால் அண்ணிக்குப் பதில் சொல்ல வேண்டும். அண்ணன் இரண்டையும் காப்பாற்றினார். வாங்கி என் கையில் வைத்தார். அவர் குறைந்த கிலோக்களில் மூன்று எங்கே போயின என்று யாராவது கேட்டால் என் வயிற்றைக் காட்டுவேன். வீட்டில் அண்ணி பெரிய தட்டைப் பரணில் ஏற்றிவிட்டுச் சின்னத் தட்டை வைத்தார். முதலில் காயும் கீரையும், பிறகுதான் சோறு. ஆரணியில் பிறந்தவன் அரிசியை எண்ணியா தின்பது என்று அண்ணன் புலம்பினார். ஐப்பசி மழையில் பாவு நின்றபோது தறியிலிருந்து சமையற்கட்டு வரை பன்னிரண்டு அடியைக் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். ஒரே பேஜாரா இருக்குது, கண்ணு சுத்துது என்று அண்ணி என்னிடம் வந்து சொல்லும்போது அவர் முகத்தில் இருந்தது சந்தோஷம்தான்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தால் அவர் தணிகாசலம் அண்ணன் இல்லையே. கார்த்திகை தீபத்தன்று, கால் தேவலாம் என்ற தைரியத்தில், வாசலில் குந்தி உட்கார்ந்து வரிசையாக அகல் ஏற்றினார். மறுநாள் வலது முழங்கால் வீங்கிவிட்டது. ஒரு வாரம் நடை இல்லை. எட்டாம் நாள் வீக்கம் வடிந்தும் அவர் வரவில்லை. பரோட்டா வாங்கி வரச் சொல்லி மகனை அனுப்பினார் என்று கேள்விப்பட்டு நான் பயந்துபோனேன். அன்று அண்ணி சின்னம்மாளிடம் ஃபோனில் பேசியது எனக்கே கேட்டது, பக்கத்தில் படுத்திருந்தவருக்குக் கேட்காதா? முகூர்த்தத்துக்கு மட்டும் வருகிறேன், மனசில் வைத்துக்கொள்ளாதே என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் அண்ணனைச் சுட்டது. மறுநாள் விடியற்காலை பாவின் முனையில் எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தார்.

பொங்கல் முடிந்து பதினாலாம் நாள் தராசு எண்பத்தேழு காட்டியது. தொண்ணூற்று ஆறிலிருந்து ஒன்பது கிலோ குறைவு. அன்று மத்தியானம் அண்ணன் குழியில் இருந்தபடியே அண்ணியையும் என்னையும் கூப்பிட்டார். அண்ணி பழக்கதோஷத்தில் தறிக்காலில் பாதத்தை வைத்து இரண்டு கையையும் நீட்டினார்.

"கைய எடு துர்கா" என்றார் அண்ணன்.

குழிக்குள் எழுந்து நின்றார். தறிக்காலைப் பிடித்துக்கொண்டார். இடது கால் முதல் செங்கல்லுக்கு வந்தது, வலது கால் அதனோடு சேர்ந்தது. மறுபடி இடது, மறுபடி வலது. தரைக்கு வந்து நிமிர்ந்து நின்றார். வலி இல்லாமல் இல்லை, உதட்டைக் கடித்திருந்தார். நான் மூச்சு விட்டேன். அண்ணி, இன்னொரு தடவை என்றார். செய்தார். சாப்பிட்ட பிறகு இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றார், வயிறு நிறைந்தால் கதை வேறு என்று அவருக்குத் தெரியும். அதையும் செய்தார். அதற்குப் பிறகுதான் அண்ணி உள்ளே போய்ப் பையை எடுத்தார். பையில் துணி ஏற்கனவே மடித்து வைத்திருந்தது. எத்தனை நாளாக அப்படி இருந்ததோ, நாங்கள் யாரும் கேட்கவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் படவேட்டுக்குப் போய்விட்டார்.

கல்யாணத்துக்கு நாங்கள் எல்லோரும் வேனில் போனோம். அண்ணி எங்களை வா என்று கேட்கக்கூட நேரமில்லாமல் பந்திக்கும் மணமேடைக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தார். அவர் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததே இல்லை. முடிந்ததும் எங்களோடு திரும்பவும் இல்லை, இன்னும் ஒரு வாரம் இருந்துவிட்டு வருகிறேன் என்றார். அண்ணன் முகம் கோணவில்லை. வேனில் என்னிடம் மட்டும் சொன்னார்.

"மூணு வருசம் அந்தக் கை என்னத் தூக்கிகினு இருந்துச்சு. கொஞ்சம் ஆறட்டும்."

அந்த வாரம் அவரே சமைத்துத் தின்றார். அதில் இன்னொரு கிலோ குறைந்தது என்றால் ருசி எப்படி என்று புரிந்துகொள்ளலாம்.

அண்ணி வரும் அன்று சாயங்காலம் அண்ணன் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினார். பின்னால் உட்காருங்கள், வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன், வேண்டாம் என்றார். பஸ் ஸ்டாண்டு எங்கள் தெருவிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்கும். ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று நானும் வண்டியில் ஊர்ந்துகொண்டே பின்னால் போனேன். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அவர் அண்ணியை அழைத்துவர பஸ் ஸ்டாண்டுக்குப் போனது அதுதான் முதல் தடவை. இறங்கிய அண்ணி அவரைப் பார்த்ததும் முதலில் சுற்றும்முற்றும் தேடினார்.

"எதுல வந்தீங்க?"

"நடந்துதான் வந்தேன்."

அண்ணி அவருடைய முழங்காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் வந்து பையை வாங்கக் கை நீட்டினார். அண்ணி அதை அண்ணனிடம் கொடுத்துவிட்டார்.

"அப்ப நடந்தே போலாம். ஜல்தி ஒண்ணும் இல்ல."

வழியெல்லாம் அண்ணி கல்யாணக் கதை சொல்லிக்கொண்டு வந்தார், அண்ணன் பையைத் தோள் மாற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டு வந்தார். இரண்டு தடவை ஹாரன் அடித்துப் பார்த்தேன். இரண்டு பேரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.