ஆதங்கத்துக்கு எண் கிடையாது

நகரசபைக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பைப் பத்தொன்பது வருடமாக எழுதிவருகிறவள் அவள். ஆண் உறுப்பினர் ஒன்றைக் கேட்டால் ‘வலியுறுத்தினார்’ என்று எழுதுவாள். பெண் உறுப்பினர் அதையே கேட்டால் ‘ஆதங்கப்பட்டார்’. வலியுறுத்தியதற்குக் கோப்பு எண் விழும், பதில் வரும். ஆதங்கத்துக்கு எண் கிடையாது. பழைய தலைமை எழுத்தர் போட்ட வழக்கம், கையும் பழகிவிட்டது.

ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே இதை நாத்தனாரிடம் சொல்லிச் சிரித்தாள். நாத்தனார் அப்போதுதான் சபைக்கு ஜெயித்து வந்திருந்தாள்.

அடுத்த கூட்டத்தில் நாத்தனார் எழுந்தாள். “ஆணாதிக்கம் எங்க இருக்குன்னு கேக்குறீங்களே, நம்ம குறிப்பேட்டைப் புரட்டிப் பாருங்க.” சொல்லுக்குச் சொல் எல்லாம் வந்தது, வெங்காயம் நீங்கலாக. இனி எல்லாருக்கும் ஒரே சொல் என்று தீர்மானம் கேட்டாள். பார்வையாளர்கள் கைதட்டினார்கள்.

மூலையில் எழுதிக்கொண்டிருந்தவளுக்குக் காது எரிந்தது. பார்த்தது இவள், கைதட்டல் அவளுக்கு. போதாததற்கு, குற்றவாளி இவள் பேனா.

வீட்டில் கணவர் பூரித்துப்போயிருந்தார். “என் தங்கச்சிக்கு எங்கேருந்துதான் தோணுதோ.”

“அடுப்படியிலேருந்து,” என்றாள். அவருக்கு எட்டவில்லை.

நாத்தனார் மாலைப் பேப்பரோடு வந்தாள். “போட்டோ பாத்தீங்களா அண்ணி?”

“பாத்தேன். பல்லெல்லாம் படத்துல நல்லா விழுந்திருக்கு.”

“கோவமா?”

“எனக்கென்ன கோவம். நீ பெரிய மனுஷி.”

மறுநாள் காலை தட்டச்சு செய்தாள்: ‘உறுப்பினர், குறிப்புகளின் நடை குறித்து ஆதங்கப்பட்டார்.’ வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்கியது. எண் விழாது, தீர்மானம் செத்தது.

நகரசபைத் தலைவர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார். “கரெக்டாப் போட்டிருக்கீங்கம்மா. பொம்பளைங்க பொங்குறதுக்கெல்லாம் நம்பர் போட்டா ஆபீஸ் தாங்குமா? நீங்க நம்ம ஆளு.”

நம்ம ஆளு. அது நாத்தனாரின் போட்டோவைவிட அதிகமாக எரித்தது.

“ஒரு தப்பு இருக்குங்க சார்,” என்று தாளை வாங்கிக்கொண்டு போனாள். ‘தீர்மானம் முன்மொழிந்தார்’ என்று அடித்து, கோப்பு எண் போட்டாள். ‘குறிப்பெழுத்தர் சுட்டிக்காட்டியபடி’ என்று கூடவே சேர்த்தாள். கூட்டத்தில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. சற்று நேரம் அதையே பார்த்திருந்துவிட்டு அழித்தாள்.

புதுத் தாளைப் படித்ததும் தலைவர் முகம் சுண்டியது. “யாரும்மா உங்களுக்கு இதெல்லாம் சொல்லிக்கொடுக்கிறது, நாத்தனாரா?”

‘அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்’ என்று நாக்கு நுனி வரை வந்தது.

“கையெழுத்துப் போடுங்க சார்,” என்றாள்.